பேட்டரி வயரைக் கழற்றினாலே ஏர்பேக் அடங்கிவிடுமா?

இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். 2021-இல் முன்சீட்டுப் பயணிக்கும் அது கட்டாயமானது. அதற்கு முன்பு விலை கூடிய கார்களிலும், ஒரே மாடலின் உயர்ந்த வகைகளிலும்தான் ஏர்பேக் இருக்கும். சின்னக் காரில் பார்ப்பது அரிது. ஏர்பேக் கட்டாயமான புதிதில் விற்ற கார்களுக்கு இப்போது வாரண்டி முடிந்துவிட்டது. கம்பெனி சர்வீஸை விட்டு அவை தெருமுனைப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. சீட்டைக் கழற்றி உள்ளே கழுவுகிறவர், மியூசிக் சிஸ்டம் மாட்டுகிறவர், டிங்கரிங் பார்க்கிறவர் என்று எல்லோர் கையும் இன்று ஒரு வெடிபொருளுக்குப் பக்கத்தில் போய் வருகிறது.

அவர்களில் பெரும்பாலோர் அறிந்த பாதுகாப்பு விதி ஒன்றுதான்: பேட்டரி வயரைக் கழற்று, வேலையைத் தொடங்கு. அது பாதி சரி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

## காருக்குள் வெடிமருந்து எங்கெல்லாம் இருக்கிறது

ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டின் இடப்பக்கத்திலும் இருப்பவை எல்லோருக்கும் தெரியும். மற்றவை அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

1. சீட்டின் கதவோரப் பக்கவாட்டில், துணிக்கு உள்ளே, சைடு ஏர்பேக்.
2. கூரை ஓரத்தில், தூண்களுக்கு மேலே சுருட்டி வைத்த கர்ட்டன் ஏர்பேக். இதில் பலவற்றில் மருந்து குறைவு. மிக அதிக அழுத்தத்தில் அடைத்த ஆர்கான், ஹீலியம் போன்ற வாயு உள்ள உலோகக் குழாய் இருக்கும்.
3. சீட் பெல்ட் சுருளும் பெட்டியிலோ, பெல்ட்டைச் செருகும் பக்கிளிலோ உள்ள பிரிடென்ஷனர். மோதிய கணத்தில் சிறிய அளவு மருந்து வெடித்து பெல்ட்டை இறுக்கும்.
4. சில கார்களில் பேட்டரியின் இணைப்பை வெடித்துத் துண்டிக்கும் ஃபியூஸ். மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்த லைனிலும் இது உண்டு.
5. பாதசாரி மோதினால் பானட்டைத் தூக்கிவிடும் கருவி. நம் ஊரில் சில விலை உயர்ந்த கார்களில் மட்டுமே.

பட்டறையில் அதிகம் மறக்கப்படுவது பிரிடென்ஷனர்தான். பெல்ட் என்றாலே துணிப் பட்டை என்று நினைப்பதால், ஸ்பானரைப் போட்டு சாதாரண போல்ட் மாதிரி கழற்றிவிடுகிறார்கள். வழியெல்லாம் ஒரு அடையாளம் இருக்கிறது: இந்தச் சுற்றுகளின் கனெக்டரும் வயர் உறையும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் தெரிந்தால் கை நிற்க வேண்டும்.

## ஏர்பேக் எப்படி வேலை செய்கிறது

முன்பக்கத்திலும் தூண்களிலும் உள்ள சென்சார்கள் மோதலின் வேகக் குறைவை அளக்கின்றன. கியர் லீவருக்கு அடியிலோ அதை ஒட்டியோ இருக்கும் கண்ட்ரோல் யூனிட் அதை வைத்து முடிவெடுக்கிறது. முடிவானதும் அது அனுப்பும் மின்சாரம் ஒரு மெல்லிய கம்பியைச் சூடாக்கும். இந்தக் கம்பி உள்ள தீமூட்டிக்கு ஸ்குயிப் என்று பெயர். ஸ்குயிப் பற்றியதும் இன்ஃப்ளேட்டர் என்ற எஃகுக் கூட்டுக்குள் உள்ள மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு பையை நிரப்புகிறது.

மோதல் தொடங்கியதிலிருந்து பை முழுதாக விரிய ஏறத்தாழ 40 முதல் 50 மில்லி வினாடி. கண் இமைக்க ஆகும் நேரத்தில் இது பாதிகூட இல்லை. பையின் முகப்பு மணிக்கு 300 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கும். சீட் பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கை விட்டு ஓரளவு தள்ளி உட்கார்ந்தவருக்கு இது உயிர் காக்கும். ஸ்டீயரிங் மேல் குனிந்து ஸ்க்ரூ தேடுகிறவருக்கு அதே வேகம் கழுத்தையும் முகத்தையும் குறிவைத்து வரும்.

தொடக்க காலத்தில் மருந்தாக இருந்தது சோடியம் அசைடு என்ற நச்சுப்பொருள். 1990-களுக்குப் பிறகு குவானிடின் நைட்ரேட் போன்றவை அதன் இடத்தைப் பிடித்தன. எதுவாக இருந்தாலும் பொதுவான குணம் ஒன்று உண்டு: ஒருமுறைதான் எரியும். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்கலாம், பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம். மாட்டிய ஏர்பேக் வேலை செய்யுமா என்று இயக்கிப் பார்க்க வழியே கிடையாது. சரியான பாகமா, சரியான முறையில் மாட்டினார்களா என்பதைத் தவிர நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை.

## பேட்டரி போன பிறகும் இருக்கும் மின்சாரம்

மோதலில் முதலில் நசுங்குவது பெரும்பாலும் பானட்டுக்குக் கீழுள்ள பேட்டரிதான். அதை நம்பி ஏர்பேக்கை வடிவமைக்க முடியாது. அதனால் கண்ட்ரோல் யூனிட்டுக்குள்ளேயே கபாசிட்டர் வைத்திருக்கிறார்கள். பேட்டரி முற்றிலும் துண்டானாலும் எல்லா ஸ்குயிப்களையும் பற்றவைக்கும் சக்தி அதில் சேமிப்பாக இருக்கும்.

உயிர் காக்கும் இந்த ஏற்பாடுதான் மெக்கானிக்குக்கு ஆபத்து. பேட்டரி வயரைக் கழற்றிய அடுத்த நொடி ஏர்பேக் முழு உயிரோடுதான் இருக்கிறது. கபாசிட்டர் தானாக வடியக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் காருக்குக் கார் மாறும்: சிலவற்றில் 90 வினாடி, பலவற்றில் 3 நிமிடம், சிலவற்றில் 10 நிமிடம் வரை. அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள நேரம்தான் கணக்கு. கையேடு கையில் இல்லை என்றால் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வருவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரேடியோ கோடும் செட்டிங்கும் அழியாமல் இருக்க, பேட்டரியைக் கழற்றும்போது, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும் போர்ட்டில் வேறொரு சின்ன பேட்டரியைச் செருகி வைப்பார்கள். பேட்டரி மாற்ற மட்டும் வந்த காருக்கு அது வசதி. ஏர்பேக் வேலைக்கு வந்த காரில் அதைச் செருகினால், ஒரு வாசலை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்து வைத்த கதைதான். கண்ட்ரோல் யூனிட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கபாசிட்டர் வடியவே வடியாது.

அடுத்தது, வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப். ஸ்குயிப்பின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். பரவலாக உள்ள வகைகள் 1.2 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லி வினாடி பாய்ந்தாலே பற்றிவிடும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப் 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு சூடேறாத முதல் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. அதாவது மஞ்சள் வயரில் டெஸ்ட் லேம்ப் வைப்பது ஏர்பேக்கை வெடிக்க வைப்பதற்குச் சமம்.

மல்டிமீட்டர் கூடாது என்பதற்கும் காரணம் கேட்பார்கள். நல்ல டிஜிட்டல் மீட்டர் ஓம் அளக்கும்போது தரும் மின்சாரம் மிகச் சொற்பம். அதற்கு ஸ்குயிப் பற்றாது. ஆனால் ரேஞ்ச் மாறிப் போன மீட்டர், உள்ளே பழுதான மீட்டர், பழைய முள் மீட்டர் எல்லாம் பட்டறையில் ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. எது எவ்வளவு தரும் என்று யாரும் அளந்து வைத்திருப்பதில்லை. அதனால்தான் ஸ்குயிப்பில் மீட்டர் வைக்கவே கூடாது என்று கையேடுகள் ஒட்டுமொத்தமாகத் தடுக்கின்றன. கோளாறு வயரிலா, பையும் இன்ஃப்ளேட்டரும் சேர்ந்த மாடியூலிலா என்று கண்டுபிடிக்க, மாடியூலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதற்கென உள்ள 2 ஓம் சோதனைக் கருவியைச் செருகி ஸ்கேனரில் பார்ப்பதே முறை.

## கழற்றும் வரிசை, மாட்டும் வரிசை

1. முதலில் ஸ்கேனரில் பழைய கோளாறு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சாவியை அணைத்து எடுத்துவிட வேண்டும்.
2. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அது திரும்பப் போய்த் தொடாதபடி துணியோ டேப்போ சுற்ற வேண்டும். இரண்டாவது பேட்டரி உள்ள கார் என்றால் அதையும் கழற்ற வேண்டும்.
3. கையேடு சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.
4. மாடியூலைத் தொடும் முன் காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட வேண்டும். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும்.
5. மஞ்சள் கனெக்டரின் பூட்டை விடுவித்து, கனெக்டரைப் பிடித்துப் பிரிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல கனெக்டர்களுக்குள் ஒரு சிறு உலோகப் பட்டை உண்டு. பிரித்ததும் அது இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். வெளியிலிருந்து எந்த மின்சாரமும் ஸ்குயிப் வழியாகப் பாயாது. அந்தப் பட்டையை வளைத்தாலோ உடைத்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும்.
6. கழற்றிய மாடியூலைத் தூக்கும்போது அதன் முகப்பு உடம்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வைக்கும்போது முகப்பு மேலே பார்க்க, காலியான சமதளத்தில் வைக்க வேண்டும். மேலே எதையும் அடுக்கக் கூடாது.
7. ஸ்டீயரிங்கைக் கழற்றினால் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் நாடா வயரான கிளாக் ஸ்பிரிங் இடம் மாறினால், மாட்டிய பிறகு ஒருநாள் முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும். ஹாரனும் போகும், ஏர்பேக்கும் போகும்.
8. மாட்டும்போது எல்லா கனெக்டரும் பூட்டிய பிறகு, கடைசியாகத்தான் பேட்டரி. முதல்முறை சாவி போடும்போது காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கையை மட்டும் ஓரமாக நீட்டி, முகம் ஸ்டீயரிங்குக்கு நேரே வராமல் போட வேண்டும்.

ஆறாவது விதிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. அழகான முகப்பில் கீறல் விழக் கூடாது என்று பலரும் மாடியூலைக் கவிழ்த்து வைப்பார்கள். அப்படி இருக்கும்போது வெடித்தால் பை தரையை உதைக்கும். கனமான உலோகப் பின்புறம் மேலே கிளம்பும். முகப்பு மேலே இருந்தால் பை காற்றில் விரிந்து, கூடு பெரிதாக நகராமல் அங்கேயே அடங்கும்.

சீட்டைக் கழற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: சீட்டுக்கடியிலுள்ள மஞ்சள் கனெக்டரைப் பிரித்த நிலையில், காரை நகர்த்தலாம் என்று சாவி போடாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். மறுபடி இணைத்தாலும் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் அணையாது. அப்புறம் அந்த விளக்கை எப்படி மறைப்பது என்ற யோசனை வரும். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

## சுத்தியல், வெல்டிங், வெள்ளம்

2016 ஜூனில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஹயாலியா என்ற ஊரில், 2001 மாடல் ஹோண்டா அக்கார்ட் ஒன்றின் உள்ளே ஒருவர் பழுதுவேலை செய்துகொண்டிருந்தார். சாவி ஆன் நிலையில் இருந்தது, சுத்தியலும் பயன்பட்டது. ஏர்பேக் இயங்கியது, இன்ஃப்ளேட்டரின் உலோகக் கூடு சிதறியது, அவர் இறந்தார். கார் எதன் மீதும் மோதவில்லை. இந்த மரணத்தை ஹோண்டா 2017 ஜூலையில் வெளியிட்டது.

கூடு சிதறியது டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டரின் குறை. ஆனால் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்ததற்குச் சாவியே காரணம். சாவி ஆனில் இருக்கும்போது தூணிலோ, முன்பக்கச் சட்டத்திலோ, கண்ட்ரோல் யூனிட்டுக்குப் பக்கத்திலோ விழும் பலமான அடியை அந்த யூனிட் மோதல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. டிங்கரிங் வேலையில் அடிதான் தொழில். எனவே பேட்டரியைக் கழற்றிக் காத்திருப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

வெல்டிங் என்றால் இன்னும் ஒரு படி: பேட்டரியோடு கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரையும் பிரித்துவிட வேண்டும், எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். பெயின்ட் அடித்து பூத்தில் சூடேற்றுவதற்குக் கையேட்டில் வெப்ப வரம்பு இருக்கும். அதைத் தாண்டுவதாக இருந்தால் மாடியூல்களைக் கழற்றிவிட வேண்டும். கேஸ் கட்டர் ஏர்பேக் பக்கமே வரக் கூடாது.

வெள்ளத்தில் நின்ற கார்கள் தனி ரகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் தண்ணீர் முதலில் ஏறிய இடம் தரைமட்டம். கண்ட்ரோல் யூனிட், சீட்டுக்கடி கனெக்டர், பிரிடென்ஷனர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. உலர்த்தி ஓட்டினால் சில மாதம் சரியாகவே தெரியும். முனைகளில் பச்சைத் துரு பூத்த பிறகுதான் விளக்கு எரியும். ஈரம் புகுந்த மாடியூலை ஹேர் ட்ரையரில் காயவைப்பது வைத்தியமே அல்ல. மாற்ற வேண்டும்.

## ஏர்பேக் விரிந்த காரில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்

விரிந்து முடிந்த பையைத் தொடும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் தேவை. படிந்திருக்கும் தூள் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது. உள்ளேயுள்ள உலோகம் வெடித்த சிறிது நேரத்துக்குக் கொதிக்கும்.

மாற்ற வேண்டியது பையோடு முடிவதில்லை. சேர்ந்து இயங்கிய பிரிடென்ஷனர்கள், மோதல் பதிவான கண்ட்ரோல் யூனிட், அடிபட்ட சென்சார், பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங் எல்லாம் பட்டியலில் வரும். டேஷ்போர்டும் வரும், அதில்தான் அதிகம் பேர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பயணிப் பக்க ஏர்பேக் வெளியே வர, டேஷ்போர்டில் கணக்கிட்டு மெலிதாக்கிய ஒரு கிழியும் கோடு உண்டு. கிழிந்ததை ஒட்டி, மேலே ரெக்சின் போர்த்தினால் அடுத்தமுறை அது உரிய இடத்தில் உரிய நேரத்தில் கிழியாது.

செலவு கூடும்போதுதான் குறுக்குவழிகள் வருகின்றன. மோசமானது ரெசிஸ்டர் வேலை: ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகிவிட்டால் கண்ட்ரோல் யூனிட் எல்லாம் நலம் என்று நம்பிவிடும். விளக்கு அணைந்துவிடும். மூடிக்குக் கீழே பை இருக்காது. இன்னொன்று, விளக்கையே கழற்றுவது. சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து தானாக அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு, எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது. ரெசிஸ்டர் வேலையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. விபத்து வரலாறும், மாற்றிய பாகத்தின் பில்லும்தான் காட்டும்.

போலி மாடியூல் அடுத்த சிக்கல். 2024 தொடக்கத்தில் டெல்லி போலீஸ் பல கார் கம்பெனிகளின் பெயரில் போலி ஏர்பேக் தயாரித்த கும்பலைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ., தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்கள் சிதறி மரணங்கள் நடந்ததாகப் பழைய கார் வாங்குவோரை எச்சரித்தது. பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கண்ணாடி வாங்கலாம், கதவு வாங்கலாம். ஏர்பேக் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. விற்கிறவர் நேர்மையானவராகவே இருக்கலாம்; ஆனால் அந்த மாடியூல் வெயிலில் கிடந்ததா, வெள்ளத்தில் நின்றதா என்று அவருக்கே தெரியாது.

## கழற்றாமலே கெட்டுப்போகும் மருந்து

டகாட்டா விவகாரம் இங்கேதான் வருகிறது. ஜப்பானின் இந்த நிறுவனம் மருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரப்பதமும், ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறும் தட்பவெப்பமும் அந்த மருந்து வில்லைகளைச் சிதைத்தன. சிதைந்த மருந்து அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தது. கூடு வெடித்து உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு பறந்தன. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலுக்கு வந்தன. 2017 ஜூனில் டகாட்டா திவால் மனு போட்டது. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட கம்பெனிகள் பழைய மாடல்களைத் திரும்ப அழைத்தன.

கடலோர வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் இந்தச் சிதைவு வேகமாக நடக்கிறது. யாழ்ப்பாணமும் கொழும்பும் சென்னையும் அப்படிப்பட்டவைதான். இலங்கைக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி வந்த ரீகண்டிஷன் வண்டிகள். திரும்ப அழைக்கும் கடிதம் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். 2000-களின் ஜப்பானிய கார் வைத்திருப்பவர், சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ உள்ளூர் ஏஜென்ட்டிடமோ தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பப் பெறுவது மருந்துக்கு மட்டும் அல்ல. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி 17,362 கார்களை ஏர்பேக் கண்ட்ரோலரில் குறை இருக்கலாம் என்று திரும்ப அழைத்தது. மாற்றும் வரை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னது. இப்படி அழைக்கப்படும் வேலையை உரிமையாளரிடம் காசு வாங்காமல்தான் செய்து தருகிறார்கள். பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கும் முன் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால், வாடிக்கையாளரின் செலவும் மிச்சம், தன் கையும் பத்திரம்.

## கழற்றியதை எங்கே போடுவது

வெடிக்காத மாடியூலைக் குப்பையிலும் போட முடியாது, சாதாரண பார்சலிலும் அனுப்ப முடியாது. சர்வதேச சரக்குப் போக்குவரத்தில் இது ஆபத்தான பொருள், ஐ.நா. எண் 3268, 9-ஆம் வகுப்பு. அதற்குரிய பெட்டியில், அதற்குரிய முத்திரையோடுதான் போக வேண்டும். தனியாகக் கழற்றியதைத் தயாரிப்பாளரின் டீலர் வழியாகத் திருப்பி அனுப்புவதே பட்டறைக்கு எளிது.

ஜப்பானில் 2005 முதல் நடப்பில் உள்ள கார் மறுசுழற்சிச் சட்டம் ஏர்பேக்கைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது; அதை அழிக்கும் செலவைக் கார் வாங்கியவரே முன்கூட்டிக் கட்டிவிடுகிறார். இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் உருவாகி வருகின்றன. முறையான மையத்தில் மாடியூலைக் காரிலேயே வைத்து, கதவுகளை மூடி, நீளமான வயர் இழுத்துத் தூரத்திலிருந்து வெடிக்க வைத்துவிட்டுத்தான் உடைக்கத் தொடங்குவார்கள். காயலான் கடையில் அந்தப் படியே கிடையாது. கார் உள்ளே வந்ததும் கேஸ் கட்டர்தான். கூரை ஓரத்தில் அழுத்தவாயுக் குழாய் இருப்பது கட்டர் பிடிப்பவருக்குத் தெரியாது. அங்கே கார் கொடுப்பவர் குறைந்தபட்சம் ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது, அதில் எது விரியாதது என்று சொல்லிவிட்டு வரலாம்; சீட்டிலும் தூணிலும் உள்ள ஏர்பேக் முத்திரைகளைக் காட்டினாலே போதும்.